உதட்டோரத்துக் கொப்புளம்

தப்பா நினைக்காதீங்கண்ணே. அந்தம்மா பிள்ளையை நீட்டுனப்போ நான் கையைக் கட்டிக்கிட்டேன்ல, அதைச் சொல்றேன். ஒரு கையில பை, ஒரு கையில பிள்ளைன்னு பஸ் கூட்டத்துல நிக்கிறவங்க உக்காந்திருக்கிற நம்மளை நம்பித்தானே நீட்டுறாங்க. நீங்க வாங்கி மடியில வச்சுக்கிட்டீங்க. அந்தம்மா என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. இவனெல்லாம் ஒரு மனுசனான்னு. பாத்துட்டுப் போகட்டும்.

பிள்ளை தலையை இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் சாய்ச்சுக்கங்க. பிரேக் அடிச்சா முன்சீட்டுக் கம்பியில இடிக்கும். ஆங், அப்படித்தான். எனக்கும் பொண்ணு இருக்குண்ணே, நாலு மாசம் முடியப் போகுது. பிள்ளைன்னா ஆகாதவன் இல்லை நான்.

எனக்கு உதட்டுல கொப்புளம். அதான் மாஸ்க்கு. மெதுவாவே சொல்றேன், அந்தம்மா காதுல விழுந்தா பதறிடுவாங்க.

சின்ன வயசுலேர்ந்து வருது. பரீட்சைன்னா வரும், காய்ச்சல் அடிச்சா வரும், வெயில்ல அலைஞ்சா வரும். மொதல்ல உதட்டோரத்துல எறும்பு ஊர்ற மாதிரி சுருசுருன்னு இருக்கும். மறுநாள் பாத்தா சின்னச் சின்னதா நீர் கோத்துக்கிட்டு கொத்தா நிக்கும். எங்கம்மா சூடுன்னு சொல்லி வெந்தயம் ஊறவச்சுக் குடுப்பாங்க. பொருக்கு தட்டி, தானா உதிர்ந்துடும். இதை ஒரு நோயின்னு நான் நினைச்சதே இல்லை. கல்யாணமான புதுசுல அரசி கேட்டா, என்னங்க இதுன்னு. அரசிதான் என் சம்சாரம், முழுப்பேரு மங்கையர்க்கரசி. சூட்டுக் கொப்புளம்னு சொன்னேன். அவளும் வெந்தயம் ஊறவச்சா. அவ்வளவுதான்.

அப்புறம் ஆறு வருசம் கழிச்சு பாப்பா பிறந்துச்சு. பிரசவம் அவ அம்மா வீட்ல, துறையூர்ல. எனக்கு வேலை திருச்சியில, கண்ணாடிக் கடையில. ஆளு மூக்குல ஃப்ரேமை மாட்டி, காதுக்குப் பின்னாடி சரியா உக்காருதான்னு வளைச்சுப் பாக்குற வேலை. கடை லீவு ஞாயித்துக்கிழமை மட்டும். அன்னைக்குத்தான் பஸ் ஏறி ஓடுவேன். போனா பாப்பா என் கைக்கு வந்தாத்தானே? அத்தை வச்சிருப்பாங்க, இல்லைன்னா பால் குடிச்சிக்கிட்டிருக்கும், இல்லைன்னா பாக்க வந்தவங்க மடியில. நான் கட்டில் ஓரத்துல காபி டம்ளரை வச்சுக்கிட்டு விருந்தாளி மாதிரி உக்காந்திருப்பேன்.

பொறந்து மூணு வாரம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை, அரசி குளிக்கப் போயிட்டா, அத்தை கொல்லைப்பக்கம் துணி காயப் போடுறாங்க. மாமா கடையில. பாப்பாவும் நானும்தான். முழிச்சிக்கிட்டு என்னையே பாக்குது. தூக்கினேண்ணே. நெத்தியில ஒரு முத்தம் குடுத்தேன். கன்னத்துல குடுத்தேன். அதோட கையை எடுத்து, உள்ளங்கையில குடுத்தேன். விரலை விரிச்சு என் உதட்டைப் புடிச்சுக்கிச்சு. இந்த ஓரத்துல. விடவே இல்லை. அப்புறம் அதே கையை எடுத்துத் தன் வாயில வச்சுக்கிச்சு.

நான் சிரிச்சேன்.

சாயங்காலம் இதே பஸ்ல திரும்பிக்கிட்டிருக்கேன். மண்ணச்சநல்லூர் வரும்போது உதட்டோரத்துல சுருசுருங்குது.

அப்பவும் எனக்கு ஒண்ணும் தோணலை. மறுநாள் கொப்புளம் கிளம்பிடுச்சு, மாஸ்க்கைப் போட்டுக்கிட்டுக் கடைக்குப் போயிட்டேன். கண்ணாடி மாத்த ஒரு டாக்டரம்மா வந்தாங்க, குழந்தை டாக்டரு. காதுகிட்ட சரி பண்றப்போ, ஏன் மாஸ்க்குன்னு கேட்டாங்க. உதட்டுல கொப்புளம் மேடம்னேன். ஓ, அதுவா, வீட்ல பச்சைக் குழந்தை இருந்தா கிட்டப் போயிடாதீங்கன்னு சாதாரணமாச் சொல்லிட்டு, கண்ணாடியில முகத்தைப் பாத்துக்கிட்டாங்க.

கையில இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில வச்சுட்டேன்.

"ஏன் மேடம்? என் ஃப்ரெண்டு ஒருத்தன் வீட்ல குழந்தை இருக்கு. அவனுக்கும் இது வரும்."

"அவர் முத்தம் கித்தம் குடுத்தாரா?"

"குடுத்திருப்பான் போல மேடம்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டாங்க. பெரியவங்களுக்கு இது ஒண்ணுமில்லை, பிறந்து ஒரு மாசம் ஒன்றரை மாசம் ஆகாத குழந்தைக்கு ஒட்டுனா மூளை வரைக்கும் போகும்னாங்க. கொப்புளம் கிளம்புறதுக்கு முந்தின நாளேகூட ஒட்டலாமாம். எல்லாக் குழந்தைக்கும் ஒட்டிடாது, ஒட்டுனா ஆபத்து. பால் குடிக்காம இருந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, எழுப்பினாலும் எழும்பாம தூங்கினாலோ, உடம்புல கொப்புளம் கண்டாலோ நிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும், ஓடி இந்த விசயத்தைச் சொல்லணும். அப்புறம் என்னையே பாத்துக்கிட்டுச் சொன்னாங்க, "உங்க ஃப்ரெண்டை இன்னைக்கே அவர் சம்சாரத்துக்கிட்ட சொல்லச் சொல்லுங்க. கூடவே இருந்து பாக்குறது அவங்கதானே?"

சொல்றேன் மேடம்னேன்.

சொல்லலாம்ணே. எப்படிச் சொல்றது? டாக்டரம்மா சொன்ன அந்தக் கொப்புளத்தோட இங்கிலீஷ் பேரைப் போன்ல போட்டுப் பாத்தேன். என்னென்னமோ வருது, ஆம்பளைங்க எங்கெங்கயோ போயி வாங்கிட்டு வர்ற நோயெல்லாம் அதே பேருலதான் இருக்கு. என் மாமனார் மெடிக்கல் ஷாப் வச்சிருக்காரு. இந்தப் பேரைக் காதுல வாங்குனா அவருக்கு என்ன ஞாபகம் வரும்? பச்சை உடம்புக்காரிகிட்ட இதைச் சொன்னா அவளுக்குப் பால் வத்திப் போயிடாதா? அவ நிம்மதியா இருக்கணும்னுதாண்ணே நான் மட்டும் சுமந்துக்கிட்டேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்.

ஆனா சும்மா இருக்க முடியலை. மணிக்கு ஒரு தரம் போன் போட்டேன். பால் குடிச்சாளா? எவ்வளவு நேரம் குடிச்சா? உடம்பு சுடுதா, கையை வச்சுப் பாரு. மொதல் நாள் சிரிச்சா. மறுநாள், "அவளுக்குப் பசிச்சா அவளே கேப்பா, நீங்க வேலையைப் பாருங்க"ன்னா. வீடியோ கால்ல வரச் சொல்லுவேன். முகத்தைக் கிட்டக் காட்டு, வெளிச்சத்துக்குக் கொண்டா, உதட்டைக் காட்டு, இந்தப் பக்கம் திருப்பு. கன்னத்துல ஒரு செகப்புப் புள்ளி தெரிஞ்சா அது என்னன்னு கேப்பேன். கொசு கடிச்சிருக்கும்பா. நல்லாப் பாரு, நீர் கோத்திருக்கான்னு பாரும்பேன்.

இதுல என்ன ஆச்சுன்னா, எங்கம்மா பிள்ளையைப் பாத்துட்டு வந்தப்போ ஒரு வார்த்தை விட்டிருந்தாங்க, நிறம் கொஞ்சம் கம்மிதான்னு. நான் அடிக்கடி வெளிச்சத்துல காட்டு வெளிச்சத்துல காட்டுங்கவும், நான் பிள்ளை நிறத்தைப் பாக்குறேன்னு அவ எடுத்துக்கிட்டா. "போதும், உங்க அம்மாகிட்ட போயி கறுப்புதான்னு சொல்லிடுங்க"ன்னு போனை வச்சுட்டா. எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. என்ன மனசுல வச்சு நான் பாக்குறேன், அவ என்னத்தைப் பேசறா!

அடுத்த ஞாயித்துக்கிழமை நான் போகலை. கொப்புளம் அப்பத்தான் பொருக்கு தட்டியிருந்துச்சு. கடையில ஸ்டாக் எடுக்குறாங்கன்னு சொன்னேன். அத்தை கறி எடுத்து வச்சிருந்தாங்களாம். மாமா, "பொண்ணு பிறந்ததுல மாப்ளைக்கு மனக்குறை போல"ன்னு சொன்னாராம். அவ அதை அழுதுக்கிட்டே சொல்றா. லூசு மாதிரி பேசாதேன்னேன். அதுக்கும் கோவம்.

எல்லாத்தையும் தாங்கிக்கிட்டேன். சொல்லலை.

ஒரு நிமிசம்ணே, மண்ணச்சநல்லூர் வந்துடுச்சு போல. அந்தம்மா இறங்குறாங்க. குடுங்க, பாத்து, கால் பையில மாட்டியிருக்கு. ம். போயிட்டாங்க. உங்களுக்குத் தேங்க்ஸ் சொன்னாங்க, என் பக்கம் திரும்பவே இல்லை, பாத்தீங்களா?

எங்க விட்டேன்? ஆங். நான் போகாத அந்த ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு நாள் கழிச்சு போன் வந்துச்சு. காலையில கடை திறந்து கண்ணாடியெல்லாம் தொடைச்சிக்கிட்டிருக்கேன். அரசி. குரல்லயே தெரிஞ்சுது.

"பாப்பா விடிஞ்சதுலேர்ந்து பால் குடிக்கலைங்க. வாயில வச்சாலும் விட்டுடுறா. தூங்கிக்கிட்டே இருக்கா. உடம்பு லேசா சுடுற மாதிரி இருக்கு."

அண்ணே, கடையில சுவரு பூரா கண்ணாடி. எல்லாத்துலயும் என் மூஞ்சி தெரியுது. எந்தப் பக்கம் திரும்புறதுன்னே தெரியலை.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு"ன்னேன்.

"அம்மா உரம் விழுந்திருக்கும், எங்கயாவது சுளுக்கியிருக்கும்கிறாங்க. அடுத்த தெருவுல ஒருத்தர் சேலையில போட்டு உருட்டி எடுப்பாராம். எடுத்துட்டா குடிச்சிடுவாளாம்."

"உரமும் வேணாம் ஒண்ணும் வேணாம். திருச்சிக்குக் கிளம்பி வா."

"ஏங்க கத்துறீங்க? எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதானே? சாயங்காலம் வரைக்கும் பாப்போம்."

"சாயங்காலம் வரைக்கும்லாம் பாக்காத. நான் சொல்றேன்ல!"

"என்னத்தைச் சொல்றீங்க? காரணத்தைச் சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. அங்க அத்தை பக்கத்துல இருக்காங்க, ஸ்பீக்கர்ல போட்டிருக்காளோ என்னவோ. துறையூர் பக்கம் குழந்தைங்களுக்கு ஒரு காய்ச்சல் பரவுதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்னு சொன்னேன். அப்பத்தான் நம்பினா. மாமா கடையைச் சாத்திட்டு வண்டி புடிச்சாரு.

அவங்க வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரி கேட்டுல நின்னேன். வர்ற வண்டியையெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். வாட்ச்மேன் ரெண்டு தரம் ஓரமாப் போகச் சொன்னான். வந்து இறங்குனா. பாப்பா துணி மாதிரி தோள்ல கிடக்கு. கையைத் தூக்கி விட்டா அப்படியே தொங்குது. எனக்குத் தொடணும். தொடலை. ரெண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுல விட்டுக்கிட்டேன். மாமா அதையும் பாத்தாரு.

உள்ள டாக்டரு, சின்ன வயசுக்காரரு. பாப்பாவைப் போட்டு அமுக்கிப் பாக்குறாரு, கண்ணைப் பிரிச்சுப் பாக்குறாரு. கேள்வி மேல கேள்வி. அரசி எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டே வர்றா. எப்போலேர்ந்து குடிக்கலை, ஒண்ணுக்குப் போனாளா, வாந்தி எடுத்தாளா. அப்புறம் கேட்டாரு.

"வீட்ல யாருக்காவது உதட்டுல கொப்புளம் இருந்துச்சா? கொப்புளம் இருக்கவங்க யாராவது குழந்தைக்கு முத்தம் குடுத்தாங்களா?"

"இல்லை டாக்டர்." அரசிதான். கொஞ்சங்கூட யோசிக்கலை. "அப்படி யாரும் இல்லை. வர்றவங்களைக் கையைக் கழுவிட்டுத்தான் தூக்க விடுவேன். யாரையும் முத்தம் குடுக்க விடமாட்டேன்."

டாக்டரு எழுதிக்கிட்டே என்னைப் பாத்தாரு. "நீங்க ஏன் மாஸ்க் போட்டிருக்கீங்க?"

"சளி சார்"னேன்.

என்ன பண்ணச் சொல்றீங்க? மாமா கதவுகிட்ட நிக்கிறாரு. அத்தை இருக்காங்க. அத்தனை பேருக்கு முன்னாடி எப்படி? நான் அப்படியே விட்டுடலைண்ணே, அதை மட்டும் யாரும் சொல்ல முடியாது. டாக்டரு வெளிய போனாரு, பின்னாடியே ஓடினேன். வராண்டாவுல கையைப் புடிச்சுக்கிட்டேன். சார், எனக்கு இருந்துச்சு சார், நான்தான் குடுத்தேன் சார், என் சம்சாரத்துக்கு மட்டும் தெரிய வேணாம் சார்னு. அவரு என் கையை எடுத்து விட்டாரு. "எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"னாரு. அவரு நர்ஸைக் கூப்பிட்டு என்னமோ மருந்தைச் சொல்லிட்டு, நேரா அரசிகிட்ட போயிட்டாரு.

நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். அவரு பேசறாரு, இவ தலையாட்டுறா. முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும், ரிசல்ட்டு வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது, மருந்தை இப்பவே ஏத்தணும்னு சொல்லியிருக்காரு. ஏன்னு இவ கேட்டிருப்பா. அப்பத்தான் திரும்பிப் பாத்தா. எந்திரிச்சு வெளிய வந்தா. என் மாஸ்க்கைப் புடிச்சுக் கீழ இழுத்தா.

பொருக்கு உதிர்ந்த இடத்துல தோல் இன்னும் செகப்பாத்தான் இருந்துச்சு. அதைப் பாத்தா. என் கண்ணைப் பாக்கலைண்ணே, உதட்டைத்தான் பாத்தா. ரொம்ப நேரம். அப்புறம் உள்ள போயிட்டா.

பாப்பாவைச் சுருட்டிப் புடிச்சு ஊசி போட்டாங்க. அந்தச் சத்தம் வராண்டா வரைக்கும் கேட்டுச்சு. அழுதுச்சேன்னு ஒரு பக்கம் சந்தோசம், அழக்கூட தெம்பில்லாமத்தானே வந்துச்சு. உள்ள போகலாமான்னு கேட்டேன். அம்மா ஒருத்தங்க போதும்னாங்க. நான் பெஞ்சுல உக்காந்திருந்தேன். மாமா எதிர் பெஞ்சுல. அந்த ரெண்டு மூணு நாளும் அவரு என்கிட்ட பேசுனது, "டீ சாப்பிடுறீங்களா"ங்கிறது மட்டும்தான்.

அப்புறம் ரிசல்ட்டு வந்துச்சு. அது இல்லை. கேளுங்க, அது இல்லவே இல்லை! பாப்பாவுக்கு ஒண்ணுக்குப் போற இடத்துல கிருமி, அதுல வந்த காய்ச்சல். சீக்கிரம் கொண்டு வந்ததால தப்பிச்சுதுன்னாரு டாக்டரு. யாரு கொண்டு வரச் சொன்னது? நான்தானே கத்திக் கொண்டு வர வச்சேன்? அதை ஒருத்தரும் சொல்லலை. அந்த மருந்தை நிறுத்திட்டு, வேற மருந்து குடுத்து, பாப்பா மறுபடி பால் குடிக்க ஆரம்பிச்சிடுச்சு. சத்தம் போட்டுக் குடிச்சதுன்னு அத்தை வெளிய வந்து சொன்னாங்க. சொன்னது மாமாகிட்ட.

அன்னைக்கே அரசிகிட்ட சொன்னேன், பாத்தியா, ஒண்ணுமில்லை, இதுக்குத்தான் நான் சொல்லலை, வீணா நீயும் பயந்திருப்பேன்னு. அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. அந்தப் பார்வை எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா துறையூர் போனவதான். மூணாவது மாசம் வீட்டுக்கு அழைச்சிட்டு வர்றதா இருந்துச்சு. வரலை. போன மாசம் போனேன். பாப்பாவை என் கையில குடுத்தா, குடுக்க மாட்டேன்னெல்லாம் இல்லை. சோறு போட்டா. கிளம்பும்போது, எப்ப நம்ம வீட்டுக்கு வர்றேன்னு கேட்டதுக்குத்தான் சொன்னா.

"முத்தம் குடுத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க. பெத்தவரு, குடுத்தீங்க, தெரியாது உங்களுக்கு. ஆனா டாக்டர் கேட்டப்போ 'இல்லை'ன்னு சொன்னது யாரு? நான். நீங்க பக்கத்துல நின்னு என்னைச் சொல்ல விட்டீங்க. எம்புள்ளைக்கு என்னன்னு எனக்கே தெரியாம வச்சிருந்தீங்க. நாளைக்கு அங்க வந்து உங்க கூட இருந்தா, எதைக் கேட்டு எதை நம்புவேன்?"

கேட்டீங்களா? அந்த ஒரு முத்தத்தை இன்னும் புடிச்சுக்கிட்டுத் தொங்குறா. குழந்தைக்கு ஒண்ணும் ஆகலை, அது இல்லைன்னு ரிசல்ட்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்க. அப்புறமும் என்ன?

இன்னைக்கு எப்படியும் பேசிடணும்னு கிளம்பினேன். நேத்துச் சாயங்காலம் பாருங்க, சுருசுருங்குது. நேரம் பாத்து வருது அது. போகாம இருந்துடலாமான்னு பாத்தேன். வர்றேன்னு சொல்லியாச்சு, போகலைன்னா அதுக்கும் ஒரு அர்த்தம் எடுப்பாங்க. இப்ப பாப்பாவுக்கு நாலு மாசம், அன்னைக்கு மாதிரி அவ்வளவு பயமில்லைதான். இருந்தாலும் கொப்புளம் காயற வரைக்கும் கிட்டப் போகக் கூடாது. அதனால வாசல்லயே நின்னு, தூசி அலர்ஜின்னு சொல்லிட்டு, நாலு வார்த்தை பேசிட்டு...

என்னண்ணே அப்படிப் பாக்குறீங்க?

இருங்க, போன். அவதான்.

ஹலோ. ஹலோ, சொல்லு. பஸ்லதான். புலிவலம் தாண்டியாச்சு. ஆங்? கேக்கலை. இங்க டவரு விட்டு விட்டு வருது. குரலா? குரலுக்கு என்ன? ஒண்ணுமில்லை, மாஸ்க்கு போட்டிருக்கேன். மாஸ்க்கு! எதுக்கா?

அது வந்து...

இல்லை அரசி. கொப்புளம். ஹலோ? கொப்புளம்! உதட்டுல! கேக்குதா? உதட்டுல கொப்புளம் வந்திருக்கு! நேத்துலேர்ந்து! எனக்குத்தான், வேற யாருக்கு! கொப்...பு...ளம்!

கண்டக்டர் சார், நீங்க எதுக்கு என்னைப் பாக்குறீங்க, டிக்கெட் எடுத்தாச்சு. ஹலோ. இருக்கியா?

...

ம். ம். இல்லை, தூக்க மாட்டேன். சரி. சரி. கழுவிட்டுத்தான் வருவேன். ம்.

வச்சுட்டா.

பஸ்ஸே திரும்பிப் பாக்குது, மானம் போச்சு. என்ன சொன்னாளா? நான் லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம், வாங்கன்னா. கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து பாப்பா கால்மாட்டுல உக்காருங்க, காலைப் புடிச்சுக்கங்க, அதுக்கொண்ணும் ஆகாதுன்னா. சாப்பிட்டு, சாயங்காலம் இருந்து பேசிட்டுப் போகலாம்னா. சிரிச்சாளா அழுதாளான்னு தெரியலை, மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு.

நீங்களே சொல்லுங்கண்ணே. கொப்புளம்னு சொல்றேன், பயந்து வராதீங்கன்னு சொல்லுவான்னு பாத்தா, வாங்கங்குறா. அப்போ கொப்புளத்துக்குக் கோவம் இல்லை. முத்தத்துக்கும் இல்லைங்குறா. அப்புறம் எதுக்குண்ணே இவ்வளவு நாள் அப்படி இருந்தா?